நகல் கடை வீடு – தம்பி

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் நகல் கடை அக்காவிடம் யாரும் வேலை கொண்டு போகக் கூடாது. இது அந்தத் தெருவுக்கே தெரியும். கேள்வித்தாளாக இருந்தாலும் சரி, வழக்குக் காகிதமாக இருந்தாலும் சரி, முகத்தில் அடித்தாற்போல் “திங்கக்கிழமை வாங்க” என்பாள். அந்த இரண்டு மணி நேரம் ஆலயத்துக்கு உரியது. மறுநாள் ஆராதனைக்கான தாளைக் கணினியில் அடித்து, நூற்றிருபது பிரதி எடுத்து, ஐந்து மணிக்கு ஆலயத்து மணிக்காரர் வரும்போது கட்டி வைத்திருப்பாள். பத்தொன்பது வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை. தம்பியைப் புதைத்துவிட்டு வந்த வாரமும் தவறவில்லை. அந்த வாரம் தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுபது வயதுக்காரர்களுக்கும் அவள் அக்காதான். வயது ஐம்பத்தொன்று, மெலிந்த உடம்பு, காலில் சக்கரம். கடையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு, ஆனால் அதில் எப்போதும் காகிதக் கட்டுதான் உட்கார்ந்திருக்கும். அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்குப் பதினொன்று. அன்றைக்கு எழுந்து நின்றவள் பிறகு உட்காரவே இல்லை என்று அவனே கேலி செய்வான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். கல்யாணம் இருவருக்குமே கூடி வரவில்லை. அவனுக்குப் பெண் பார்க்கிறேன் பேர்வழி என்று அக்கா பத்து வருஷம் பார்த்தாள், யாரையும் பிடிக்கவில்லை. அவனுக்கு அல்ல, அவளுக்கு.

தாள் தயாரிக்க அவளுக்கு ஒரு முறை உண்டு. புதிதாக எதையும் தொடங்க மாட்டாள். போன வாரத்துத் தாளைத் திறந்து தேதியை மாற்றுவாள், பாட்டு எண்களை மாற்றுவாள், பிரசங்கம் யார் என்பதை மாற்றுவாள். கடைசியில் ஜெபப் பட்டியல். நோயாளிகளுக்காகவும் துன்பப்படுகிறவர்களுக்காகவும் சபை முழுதும் ஜெபிக்க வேண்டிய பட்டியல் அது.

பட்டியலில் பெயர் கிடையாது. அதற்கு ஒரு கதை உண்டு. சபையில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்த காலத்தில், ஒருவருக்குக் கால் முறிந்தது என்று தாளில் வர, பாதிச் சபை பழக்கூடையோடு இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டியது. அந்த மனிதர் ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். பழத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து வீடும் உறவும் மட்டும்தான். ‘பேக்கரி வீடு – மாமியார்.’ ‘தையல் வீடு – சின்ன மகள்.’ ‘தபால்காரர் வீடு – அவரேதான்.’

பட்டியலை வாசிப்பவரும் அந்தத் தபால்காரர்தான், ஓய்வுபெற்றவர். தாள் அச்சான பிறகு ஞாயிறு காலைக்குள் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பார்கள், யாராவது வீடு திரும்பியிருப்பார்கள். அவர் வாசிக்கும்போதே மாற்றத்தைச் சொல்வார், சபையார் தங்கள் தாளில் திருத்திக்கொள்வார்கள். இதற்கென்றே ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் நூலில் கட்டிய பென்சில் தொங்கும். வாரம் முழுக்க வீட்டில் வைத்து ஜெபிக்கிற தாள், தப்பு இருக்கக் கூடாது. பெஞ்சில் மறந்துவிட்டுப் போன தாள்களை மணிக்காரர் பொறுக்கி நூலால் கட்டி, திங்கட்கிழமை கடையில் கொண்டுவந்து போடுவார். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் மெஷினை ஓட்டிப் பார்க்க அக்காவுக்கு உதவும்.

ஒன்பது மாதம் அந்தப் பட்டியலின் முதல் வரி ‘நகல் கடை வீடு – தம்பி’ என்றிருந்தது. வயிற்றில் கட்டி.

“லிஸ்ட்ல நான் எத்தனாவதுக்கா?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி கேட்பான்.

“முதல்ல.”

“ஏன், நீ அடிக்கிறதால சிபாரிசா? கீழ போடு. மேல இருக்கறவங்க எல்லாம் என்னை முறைக்கப் போறாங்க.”

அவள் கீழே போடவில்லை. சிபாரிசு என்றால் சிபாரிசுதான். ஒன்பது மாதமும் பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டாள், நூற்றிருபது பேர் கேட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் போய்விட்டான்.

புதன்கிழமை அடக்கம். சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் கடையைத் திறந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு “நல்ல இடத்துல இருக்கான்” என்று சொல்கிறார்கள். இங்கே என்ன கெட்ட இடமா என்று வாய் வரை வந்துவிடுகிறது. கடையில் அந்தத் தொல்லை இல்லை. பழைய தாளைத் திறந்தாள், தேதியை மாற்றினாள், பாட்டை மாற்றினாள், கை தானாகவே ஓடியது, நூற்றிருபது எடுத்துக் கட்டினாள். மறுநாள் ஆராதனையில் தபால்காரர் மேடையேறி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, முதல் வரியை வாசித்தார்.

“நகல் கடை வீடு, தம்பி.”

நாலு நாள் முன்னால் இதே இடத்தில் பெட்டியில் வைத்து அனுப்பியவனுக்கு உடல்சுகம் கேட்கிறார்கள். யாரோ இருமினார்கள். தபால்காரர் அடுத்த வரிக்கும் போகவில்லை, தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்குக் காதெல்லாம் சூடேறியது. தன் கையால் தானே செய்த காரியம். எழுந்தாள், பெஞ்சுகளுக்கு நடுவில் விறுவிறுவென்று நடந்தாள், வாசலைத் தாண்டினாள், வீடு வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் ஆலயத்துக்குப் போகவில்லை.

ஆனால் தாள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் சனிக்கிழமை தேதியை மாற்றினாள், பாட்டை மாற்றினாள். முதல் வரிக்கு வந்தபோது விரல் நின்றது. போன வாரம் நடந்தது தவறு. இந்த வாரம் தெரிந்தே விட்டாள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் இந்த உலகத்தில் அவனுக்காக யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டிப்போவில் வேறு ஆள் வந்தாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறு ஆள் படுத்தாயிற்று. மிச்சம் இந்த வரிதான். அதையும் எடுக்கச் சொன்னால், எடுக்கச் சொல்பவர்கள் வந்து எடுக்கட்டும், அவளால் முடியாது.

போதகர் வந்தார். சின்ன வயது, மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம், வாயில் வார்த்தை எளிதில் வராது. அக்கா அவர் வருவதைப் பார்த்ததும் மெஷினை ஓட விட்டாள். அது ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது.

“அக்கா, அந்த வரியப் பத்தி…”

“வேலை இருக்கு பாஸ்டர்.”

“ஒரு நிமிஷம்தான்.”

“நாங்க ஜெபத்துல கேட்டதுக்கு ஏன் பதில் வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியலக்கா” என்றார். பொய் சொல்லாத பிள்ளை. அது அவளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. கொண்டுவந்த காகிதங்களை மேசை மேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

பாட்டு டீச்சர் அப்படியல்ல. பாடகர் குழுவை நடத்துகிறவள், யாராக இருந்தாலும் பட்டென்று போட்டு உடைப்பாள். மூன்றாம் வாரம் கடைக்குள் வந்ததும் வராததுமாக, “என்னக்கா இது, வாரா வாரம் அத்தனை பேரும் பென்சில் எடுத்துத் திருத்த வேண்டியிருக்கு. நீங்களே மாத்தி அடிச்சுடக் கூடாதா?” என்றாள்.

அக்காவுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. அவ்வளவு பேரும் வரிசையாக உட்கார்ந்து பென்சிலால் தன் தம்பியை அடிக்கிறார்களாம். “அவன் உசுரோட இருந்தப்ப கேட்டதுக்குக் காது கேக்கல. இப்பவாவது கேக்கட்டும்னு விட்டுருக்கேன். உங்களுக்கு என்ன கை வலிக்குதா?”

“நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம், போ.”

டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகு அக்கா கடை ஷட்டரை மேலிருந்து கீழ் வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அது அழுக்காகவே இல்லை.

இருப்புக் கொள்ளவில்லை என்றால் அப்படி ஒரு தவிப்பு. விடிந்ததும் வீட்டைப் பெருக்குவாள், பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்குவாள். தம்பியின் சட்டைகளைத் தேய்த்து மடிப்பாள், அடுத்த நாள் பிரித்துத் திரும்பத் தேய்ப்பாள். கடையில் வாடிக்கையாளர் ஒரு பிரதி கேட்டால் இரண்டு எடுத்துக் கொடுப்பாள். சோறு நின்றுகொண்டே. தூக்கம் என்று ஒன்று இருந்ததே நினைவில்லை. ஒரு நாள் ஃபிளாஸ்கில் டீ ஊற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். பாதி மாடிப்படி ஏறிய பிறகுதான் புத்திக்கு உறைத்தது. படியில் எதிரே வந்த வார்டு அம்மா அவளை அடையாளம் கண்டு, “யாருக்கும்மா டீ?” என்று கேட்டாள். அக்கா என்ன செய்வாள். “உங்களுக்குத்தான்” என்று சொல்லி அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். தம்பிக்கு டீ என்றால் நாக்குப் பொசுங்க வேண்டும். அந்தம்மா ஊதி ஊதிக் குடித்ததைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. திரும்பும்போது பஸ் ஏறவில்லை, முழுத் தூரமும் நடந்தாள்.

ஜெபம் மட்டும் வரவில்லை. முழங்கால் போட்டால் எழுந்துவிடுவாள். கண்ணை மூடினால் கோபம்தான் வருகிறது. உங்ககூடப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்ப்பாள். மணிக்காரர் வாரா வாரம் கொண்டுவரும் மிச்சத் தாள் கட்டுகளையும் அவள் பிரிக்கவில்லை. காலால் மேசைக்கடியில் தள்ளிவிடுவாள். பென்சிலால் அடித்ததைப் பார்க்க அவளுக்குத் தலையெழுத்தா.

ஏழாம் சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல் தேதி, பாட்டு, பிரசங்கம். முதல் வரியைத் தொடவில்லை. நாற்பது பிரதி வந்திருக்கும், மெஷின் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. மணி நாலு.

பேப்பர் சிக்குவது புதிதல்ல. ஆனால் இத்தனை காலமும் சிக்கினால் போன் போடுவாள், தம்பி டிப்போவிலிருந்து கையில் கிரீஸோடு வந்து நிற்பான். இப்போது அவளே பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டாள். கசங்கிய தாளை இழுத்தபோது ரோலருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு கையில் தட்டியது. பஸ் ஜன்னலுக்கு வைக்கிற ரப்பர். நாலு வருஷத்துக்கு முன் கம்பெனிக்காரன் முடியாது என்று கைவிரித்தபோது தம்பி வெட்டிச் செருகியது அது. “இது இருக்கற வரைக்கும் ஓடும்க்கா” என்றான். துண்டு கொஞ்சம் விலகியிருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினாள். நாலு வருஷமாக அந்த மெஷினைத் தாங்கி நிற்கிறது, அவன் இல்லை. அழ நேரமில்லை, ஐந்து மணிக்கு மணிக்காரர் வந்துவிடுவார்.

ஓட்டிப் பார்க்கப் பழைய தாள் வேண்டும். வேறு வழியில்லாமல் மேசைக்கடியிலிருந்து ஒரு கட்டை இழுத்தாள், போன வாரத்தது. நூலை அறுத்து, தாள்களை விசிறிவிட்டு ட்ரேயில் வைக்கப் போனவளுக்குக் கண் தானாக முதல் வரிக்குப் போனது. ‘தம்பி’ மேல் பென்சில் கோடு. நினைத்தது சரிதான், படுபாவிகள். அடுத்த தாளிலும் கோடு. அதற்கடுத்ததிலும்.

ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

‘நகல் கடை வீடு – அக்கா.’

இன்னொரு தாளை எடுத்தாள். வேறு கையெழுத்து, அதே சொல். அக்கா. இன்னொன்று. சின்னப் பிள்ளை எழுத்து, கோணல்மாணலாக. அக்கா. ஒரு தாளின் ஓரத்தில் நடுங்கும் கையெழுத்தில் ‘தூக்கம் வரணும்’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘சாப்பிடணும்’. மற்றொன்றில், இடது பக்கம் சாய்ந்து போகிற எழுத்து. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும், பத்தொன்பது வருஷமாக அந்த எழுத்தைப் பார்த்துத்தான் பாட்டு எண்களை அடிக்கிறாள். பாட்டு டீச்சர். ‘அக்கா. கோபம் போனாலும் போகாவிட்டாலும் திரும்பி வரணும்.’

தரையில் முழங்கால் ஊன்றி மேசைக்கடியில் புகுந்து எல்லாக் கட்டுகளையும் இழுத்தாள். மீதி ஐந்து கட்டு. ஒவ்வொன்றாக அறுத்தாள். கத்தரி வழுக்கியது. ஐந்தாம் வாரம், நாலாம் வாரம், டீச்சரை விரட்டிய வாரம், எல்லாவற்றிலும் அதே கோடு, அதே சொல். கடைசியாக அடியில் கிடந்த கட்டு, அவள் எழுந்து ஓடிய ஞாயிற்றுக்கிழமையுடையது. அதிலும் இருந்தது. அவள் வாசலைத் தாண்டிய சூடு ஆறுவதற்குள் எழுதியிருக்கிறார்கள்.

மணிக்காரர் ஐந்து மணிக்கு வந்தபோது அக்கா தரையில் தாள்களுக்கு நடுவில் இருந்தாள்.

“நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்லையேக்கா” என்றார் அவர்.

“இது யார் வேலை?”

“எது?”

அவள் தாளை நீட்டினாள். மணிக்காரர் பார்த்துவிட்டு, இதைப் போய்க் கேட்கிறீர்களே என்பதுபோல் விழித்தார். “தம்பி சொன்னதுதானேக்கா. கடைசியா தபால்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தப்ப சொல்லி அனுப்புச்சாம். ‘நான் போனதும் அந்த வரிய மொத்தமா எடுத்துடாதீங்க. என்னை எடுத்துட்டு அக்காவப் போடுங்க. அவளா போட்டுக்க மாட்டா’ன்னு. அந்த ஞாயித்துக்கிழமை தாள்ல தம்பின்னே இருக்கவும் அவர் ஒரு நிமிஷம் தடுமாறிட்டாரு. கண்ணாடியத் தொடச்சிட்டு நிமிர்ந்தா நீங்க தெருவுக்கே போயிட்டீங்க. அப்புறம் சொன்னாரு, எல்லாரும் திருத்துனோம்.”

“ஆறு வாரமாவா?”

“வாரா வாரம். நீங்க அப்படியே அடிச்சு அனுப்புறீங்க, நாங்க திருத்திக்கறோம்.”

“எங்கிட்ட ஒருத்தர் வாயத் திறக்கல.”

“நீங்க பேச விட்டாத்தானேக்கா. பாஸ்டர் வந்தாரு, டீச்சர் வந்தாங்க. அதான் கட்டு வாரா வாரம் வருதே, பாத்திருப்பீங்கன்னு விட்டுட்டோம்.”

அக்கா அழுதாள். ஒன்பது மாதமும் இந்த ஆறு வாரமும் சேர்த்து வைத்திருந்த அழுகை, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு. மணிக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடைசியில் நாற்காலி மேல் இருந்த காகிதக் கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவளும் எழுந்து அதில் உட்கார்ந்தாள்.

கேட்காத காது என்று அவள் இத்தனை நாள் திட்டினாளே, அதே காதில் ஆறு வாரமாக அவளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தம்பி ஏன் போனான் என்பதற்குப் பதில் இன்னும் வரவில்லை. அதை அவள் விடப்போவதும் இல்லை, ஒரு நாள் நேரில் கேட்பாள். ஆனால் அவளுக்கு வாய் வராத நாளெல்லாம் வேறு நூறு வாய் அவளுக்காகத் திறந்திருக்கிறது. போகிறவன் போகிற போக்கில் அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறான். சிபாரிசு.

“கொஞ்சம் இருங்க” என்று மணிக்காரரிடம் சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினாள். முதல் வரிக்குப் போனாள். ‘தம்பி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கோடு மின்னி மின்னி நின்றது.

“ஆண்டவரே” என்றாள், மணிக்காரர் நிற்கிறார் என்றும் பார்க்காமல். “கோபம் தீரல. இருந்தாலும் சொல்றேன். அவன உங்ககிட்ட விடறேன். பாத்துக்கங்க. டீ மட்டும் ஆற விட்டுக் குடுத்துடாதீங்க.”

மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த இடத்தில் ‘அக்கா’ என்று அடித்தாள். மெஷின் ஓடியது, சிக்கவில்லை. நூற்றிருபது பிரதி வந்தது. கட்டுவதற்கு முன் ஒன்றை உருவித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒரு தாள் அவள் எடுத்ததில்லை.

மணிக்காரர் கட்டை வாங்கி, மேல் தாளின் முதல் வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

“அப்ப நாளைக்குப் பென்சில் சீவ வேணாம்” என்றார்.

“சீவி வைங்க, வேற யாருக்காவது வேண்டியிருக்கும்” என்றாள் அக்கா. “எனக்கும் பெஞ்சில ஒரு இடம் வைங்க. கதவுப் பக்கம் வேணாம்.”